திப்புவும் நானும் ஒரு குப்பியும்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் பாதி ராஜ்யத்தை எழுதிக் கொடுத்தார். அதே வருஷம் சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். (அரசமரம் என்று எழுதலாம்; பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுவார்.) அவர் மனசு எனக்குப் புரிகிறது. கல்யாணமான 30 வருஷத்தில் ரிமோட், பீரோவின் மேல்தட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று என் ராஜ்யமும் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருப்பது 5 மில்லி சந்தன எண்ணெய்க் குப்பி ஒன்று.

தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் தொட்டால், மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு துளி வரும். அதைக் காதுக்குப் பின்னால் வைத்தால் சாயங்காலம் வரை நிற்கும். ஆனால் பத்து நிமிஷத்தில் என் மூக்குக்கு அது பழகிப்போகும். ஆவியாகிவிட்டதோ என்று இன்னொரு குச்சி வைப்பேன். அப்புறம் இன்னொன்று.

"அப்பா, நீ வந்தா பூஜை ரூமே நடந்து வரா மாதிரி இருக்கு," என்றாள் பெண். மைசூரில் உறவுக் கல்யாணம். அதற்குள் என்னை நவீனமாக்கிவிடுவது என்று தாயும் மகளும் கடைக்கு இழுத்துப் போனார்கள்.

கடைப்பெண் என் வலது மணிக்கட்டில் ஒன்றைப் பீய்ச்சினாள். வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, நடுவில் எங்கோ ஒரு பஞ்சுமிட்டாய் வண்டி. அந்தப் பஞ்சுமிட்டாய்க்கு எத்தில் மால்டால் என்று பெயராம். இந்தத் தித்திப்பு மோகத்தைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது தியரி முக்ளரின் 'ஏஞ்சல்'. அது வந்தது 1992இல், திப்புவுக்குச் சரியாக 200 வருஷம் கழித்து. விலையைக் கேட்டேன். எனக்கும் பாதி ராஜ்யம்தான்.

"ஏன்னா, நன்னாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி. உடன்படிக்கை கையெழுத்தானது.

கல்யாணத்தன்று இடக்கையில் சந்தனம், வலக்கையில் பஞ்சுமிட்டாய் என்று சமரசமாகக் கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதில் இருந்தது வேஷ்டி. மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அது மூன்றாவது கட்சி. அத்தை கிட்டே வந்து முகர்ந்தாள். "என்னடா, பாயசத்தைக் கொட்டிண்டுட்டயா?"

கை கழுவ ஓடினேன். தொட்டி ஓரத்தில் முட்டை வடிவ மைசூர் சாண்டல் சோப்பு. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை ஏற்றுவது நின்றுபோக, மைசூர் மகாராஜா 1916இல் எண்ணெய் ஆலை வைத்தார். அந்த எண்ணெயில் 1918இல் பிறந்த சோப்பு அது. உலகப் போரையே சமாளித்தது, என் மணிக்கட்டைச் சமாளிக்காதா என்று மூன்று தடவை தேய்த்தேன். சர்க்கரை போகவில்லை. அதன்மேல் சந்தனம் ஏறிக்கொண்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"சர்க்கரைப் பொங்கல் வந்துடுத்து போலருக்கே. இலை போட்டாச்சா?"