அயல்மூக்குக் கோட்பாடு: கார் வாசனைப் புட்டி குறித்த ஓர் ஆய்வுரை

ஆய்வுச் சிக்கல்

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர் மூக்கறிவை மூன்றாவதாக வைத்து, அதற்குச் சிதலையும் எறும்பையும் எடுத்துக்காட்டினார். காரின் பின்சீட்டுக்கு அடியில் போன தீபாவளிக்கு விழுந்த அதிரசத் துணுக்கை நாம் மறந்து பல நாள் ஆனபின், எறும்பு மட்டும் வரிசை தப்பாமல் வந்து சேர்வதைப் பார்த்தவர் எவரும் இந்த வகைப்பாட்டில் குறை சொல்ல மாட்டார்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார். இன்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரக் கடை ஒன்றுக்குள் நுழைந்து கண்ணாடி அலமாரியைப் பார்த்தால் வேறொரு தாவரவியல் தெரியவரும். ‘ஓஷன்’, ‘ஐஸ்’, ‘மிட்நைட் பிளாக்’, ‘நியூ கார்’. கடலுக்கு வாசனை உண்டு என்பதைக் காசிமேட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். புட்டிக்குள் இருப்பது அந்தக் கடல் இல்லை. நள்ளிரவுக் கறுப்புக்கு என்ன மணம் என்பது முனைவர் பட்டத்துக்குரிய தனித்தலைப்பு.

வாங்குபவர் என்ன செய்கிறார்? “அண்ணே, எது நல்லாப் போகுது?” என்கிறார். கடைக்காரர் ஒன்றன்பின் ஒன்றாக மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டுகிறார். மூன்றாவது புட்டியோடு மூக்கு கைவிட்டுவிடும். நான்காவதை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறார். கடைக்காரர் எந்தப் புட்டியை நான்காவதாக எடுக்கிறார் என்பதில்தான் வணிகத்தின் சூட்சுமம் இருக்கிறது.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: ஒரு காருக்கு வாசனை தேர்ந்தெடுக்கத் தகுதியில்லாத ஆள் உலகத்தில் ஒருவர்தான், அவர் அந்தக் காரின் சொந்தக்காரர்.

முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் தமிழர் அல்லர் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஜூலியஸ் சாமன் என்ற வேதியியலாளர் இருந்தார். வண்டியில் சிந்திய பால் புளித்து நாறுகிறது என்று பால்வண்டி ஓட்டுநர் ஒருவர் அவரிடம் புலம்ப, 1952-இல் அவர் ஊசியிலை மரத்தின் வடிவில் அட்டையை வெட்டி, வாசனை எண்ணெயில் ஊறவைத்துத் தொங்கவிட்டார் என்பது துறை வரலாறு. சிந்திய பாலை யார் துடைத்தார் என்பதுபற்றி அந்த வரலாறு வாய் திறப்பதில்லை. நறுமணவியலின் அடிப்படைக் குணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்த மர அட்டை இன்றும் விற்கிறது. அதன் சாமர்த்தியம் முழுவதும் உறையில்தான். செலோபேன் உறையின் தலைப்பக்கம் மட்டும் கத்தரித்து, மரத்தின் நுனி வெளியே தெரிய விட்டு, வாரத்துக்குக் கொஞ்சமாக உறையைக் கீழே இறக்கிக்கொண்டு வரவேண்டும். அப்படிச் செய்தால் பல வாரம் அளவாக மணம் வரும். நம்மவரோ வாங்கிய கையோடு உறையைக் கிழித்து ஜன்னல் வழியே எறிகிறார். முதல் இரண்டு நாள் உள்ளே உட்கார முடியாது. அப்புறம் வெறும் அட்டைதான் ஆடும். “டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்” என்பது அவர் முடிவு.

கோட்பாடு

வாசனை மூலக்கூறு மூக்கின் மேல்தளத்தில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டுவதால் மணம் தெரிகிறது. அந்த ஏற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்ஸல், லிண்டா பக் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனித மூக்கில் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. இத்தனை இருந்தும், ஒரே மணம் விடாமல் வந்தால் சில நிமிடங்களில் அவை ஓய்ந்துபோகின்றன; மூளையும் அந்தச் செய்தியைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. புதிதாக வருவதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது.

காரின் சொந்தக்காரர் இந்த ஏற்பாட்டின் நிரந்தரப் பலியாடு. போன வாரம் மாட்டிய புட்டி அவருக்கு மணப்பதில்லை. “தீர்ந்துபோச்சு போலிருக்கு” என்று இன்னொன்றை மாட்டுகிறார். ஏசி துவாரத்தில் ஒரு கிளிப், கப் வைக்கும் குழியில் ஒரு ஜெல் டப்பா, கண்ணாடியில் ஒரு மரமூடிப் புட்டி. மூன்று கம்பெனி, மூன்று மணம். அவருக்கு எதுவும் தெரியாது. ஏறுகிறவருக்குத்தான் கண்ணில் நீர் வரும்.

ஆகவே காரின் மணத்தை அளக்க உரிய கருவி அயல்மூக்கு ஒன்றே. தென்காசிக் கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஏறும் அத்தை, கதவைச் சாத்தியதுமே, “என்னடா இது, பாத்ரூம்ல வைக்கிறதக் கொண்டாந்து காருக்குள்ள வெச்சிருக்கே?” என்று கேட்டால் அது வசை அன்று, தரவு. “நல்லாத்தான் இருக்கு” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது தரவாகாது. அவருக்கு நாளை மறுபடியும் லிஃப்ட் வேண்டும்.

அயல்மூக்குகளிலும் தரவரிசை உண்டு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து அந்த எழுபதையும் கடக்கிறவரின் மூக்கே தலைமை மூக்கு என்க. வளைவில் வண்டி திரும்புவதை உட்காது சொல்கிறது. கண்ணுக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகு மட்டும். இந்த முரண்பாட்டில் ஏற்கெனவே தவிக்கும் வயிற்றுக்கு இனிப்பான, கனமான வாசனை மேலும் எதிரி. வாந்தி வருகிறவருக்கே வாக்குரிமை. மற்றவர்களுக்குக் கருத்துரிமை மட்டும்.

இவ்விடத்து எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுக் காரில் அது வகிக்கும் பதவிகள் பல. புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் நசுங்குகிறது. பம்பரில் மிளகாயோடு தொங்குகிறது. மலைப்பாதையில் அம்மாவின் கைப்பையிலிருந்து வெளியே வந்து, நகத்தால் கீறப்பட்டு, குழந்தையின் மூக்கருகே நிற்கிறது. அந்தத் தோலில் கமழும் லிமோனீன்தான் பல புட்டிகளிலும் இருக்கிறது. ‘இயற்கை’ என்று அட்டையில் போட்டிருப்பதால் அது பரம சாது என்று நினைக்க வேண்டாம். காற்றில் உள்ள ஓசோனோடு லிமோனீன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. ஒரு பழத்தைக் கீறி மோந்தால் ஒன்றும் ஆகாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள், உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திவிட்டு, மாதக்கணக்கில் அதைச் சுவாசிப்பது வேறு கணக்கு. ஆஸ்துமா உள்ளவர் ஏறினால் புட்டியை மூடி டிக்கியில் வைப்பதே மரியாதை.

வகைமை

மரமூடிப் புட்டியைக் கையாளும் முறை: உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பை எடுத்துவிட்டு, மரமூடியைத் திருகி, சில விநாடி தலைகீழாகப் பிடித்து, மூடி நனைந்ததும் நிமிர்த்தித் தொங்கவிட வேண்டும். நடைமுறையில் அடைப்பை எடுத்தவர் மூடியைச் சரியாகத் திருகுவதில்லை. எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, கியருக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக்கின் பளபளப்பைக் கரைத்து, அங்கே வெள்ளையாக ஒரு தேமல் போட்டுவிடும். வாசனையைச் சுமக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று அது. கண்ணாடியில் கட்டும்போது கயிறு குட்டையாக இருக்கட்டும். ஓட்டுபவர் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே எது ஆடினாலும் தொல்லைதான், பாசிமணி மாலை உட்பட.

கட்டிக் கற்பூரத்தைக் கிண்ணத்தில் போட்டு வைப்பாரும் உளர். வெயிலில் அது தானே ஆவியாகி மணக்கும், செலவும் குறைவு. ஆனால் அது எளிதில் தீப்பற்றும் பொருள். கற்கண்டு என்று குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரை கொண்டுபோகும். பாச்சை உருண்டை இன்னும் மோசம்: ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் நெடியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அதைக் காருக்குள் வைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை.

ஏசி துவாரத்தில் ஊதுவத்தி செருகுவது பற்றிப் பேச விரும்பவில்லை.

மல்லிகைச் சரம் தமிழரின் மூல வாசனைப்பொருள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குச் சாத்தும்போது அதற்கு ஈடு இல்லை. சிக்கல் சனிக்கிழமை மதியம் தொடங்குகிறது. மல்லிகை மணத்தில் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு கலந்திருக்கிறது. அதே பொருள் மலத்திலும் உண்டு. வெயிலில் வாடிப் பழுத்த சரம் இந்த உறவை ஒளிக்காமல் சொல்லும். அடுத்த வெள்ளிவரை அதைக் கழற்றாதவர் பக்தரே, ஆய்வாளர் அல்லர்.

வெட்டிவேர் என் சாய்வு. ஒரு சிறு முடிச்சு, அல்லது வேரால் செய்த பிள்ளையார். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் மண்வாசனை எழும், காய்ந்தால் அடங்கும். அது யாரையும் துரத்துவதில்லை. அத்தையும் இதுவரை ஆட்சேபித்ததில்லை.

‘நியூ கார்’ வாசனை தனி நோய்க்கூறு. புதுக் காரின் மணம் என்பது பிளாஸ்டிக்கும் பசையும் உறைத்துணியும் வெளிவிடும் ஆவி. சீனத்தில் வாடிக்கையாளர்கள் அதைக் குறையாகச் சொல்லிப் புகார் செய்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் அங்கே நான்ஜிங்கில் மோந்து பார்ப்பதற்கென்றே ஆள்கள் வைத்திருக்கிறது. இங்கே அந்த மணம் போய்விடக் கூடாது என்று சீட்டின் பாலிதீன் உறையை ஓராண்டு கிழிக்காமல் வியர்வையில் வழுக்கிக்கொண்டு உட்காருகிறோம்; அதுவும் கிழிந்தபின் புட்டியில் வாங்குகிறோம்.

வெயிலும் விபத்தும்

கத்திரி வெயிலில் நிழலில்லாமல் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். அழுத்தமேற்றிய ஸ்பிரே கேனின் முதுகில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு மேலே விளக்கம் தேவையில்லை. கேனில் உள்ளதை உந்தித் தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேனும் புரோப்பேனும். அதாவது அடுப்படி சிலிண்டரின் நெருங்கிய சொந்தம். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 2019 டிசம்பரில் ஒருவர் காருக்குள் தாராளமாக ஸ்பிரே அடித்துவிட்டு, கண்ணாடியை இறக்காமல் சிகரெட்டைப் பற்றவைத்தார். முன்கண்ணாடி பறந்தது, கதவுகள் வளைந்தன. அவர் சிறு காயங்களோடு தப்பினார். அடித்தால் கண்ணாடியை இறக்கு. கேனை வீட்டில் வை. வேறு விதி வேண்டாம்.

அடுத்து, பிள்ளையார் எழுந்தருளியிருக்கும் இடம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கமும், 2021 ஏப்ரல் முதல் புது மாடல்களில் பக்கத்துச் சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். இடப்பக்க டேஷ்போர்டில் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்று மங்கலாகப் பொறித்த எழுத்தின் மேல்தான், இருபுறமும் ஒட்டும் டேப்பில், தங்கக் கிரீட மூடி போட்ட கண்ணாடிப் புட்டி நிற்கிறது. மோதல் நேர்ந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏர்பேக்கின் மூடி பிளந்து பை விரியும். மேலே இருப்பது எதுவானாலும் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு எறியப்படும். பிள்ளையாரை நடுவில் நகர்த்துவதற்கு ஆகமத் தடை எதுவும் கிடையாது. புட்டிக்கு நிச்சயம் கிடையாது.

மூன்றாவது ஆபத்தை யாரும் கவனிப்பதில்லை. சிஎன்ஜி வாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே அழுகல் நாற்றமடிக்கும் மெர்காப்டன் வகைச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்து அனுப்புகிறார்கள். பணம் செலவழித்துச் சேர்த்த அந்த நாற்றத்தை, டிக்கியில் சிலிண்டர் வைத்த கால்டாக்சியில், நாம் மறுபடியும் பணம் செலவழித்து லாவெண்டரால் மூடுகிறோம். ஒயர் கருகும் வாடை, பெட்ரோல் வாடை எல்லாம் இந்த வகைதான். அவை பேசுவதற்கு இடம் விட வேண்டும்.

எதிர்வாதம்

“ஏசி போட்டதும் ஈர சாக்ஸ் நாற்றம் வருகிறதே, புட்டி இல்லாமல் எப்படி?” என்பார் ஒருவர். ஏசியின் குளிர்சுருளில் தங்கும் ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறுவதால் வருவது அது. போய்ச் சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் சுருள் காய்ந்துவிடும். கேபின் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால், அரச இலையும் கரித்தூளும் அப்பிய ஒரு மடிப்புத் தாளாக, வாங்கிய நாள் முதல் மாற்றப்படாமல் கிடக்கும். அதை மாற்றும் செலவில் இரண்டு மூன்று புட்டி வாங்கலாம். வாங்கத்தான் செய்கிறோம்.

மேலாய்வுக்குரியது

எலி வராமல் இருக்க பானெட்டைத் திறந்து எஞ்சின் இடுக்கில் காய்ந்த புகையிலையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம்மூரில் பரவலாக உண்டு. காருக்கு வாசனை வைத்தலில் அயல்மூக்கை முன்னிட்டே செய்யப்படும் ஒரே செயல் இது என்பதால் இவ்வாய்வுக்கு மிகவும் நெருக்கமானது. எலிக்கு வாசனை ஏற்பி வகைகள் ஆயிரத்துக்கும் மேல். நம் மூக்கைவிட அதன் மூக்கின் கருத்துக்கு எடை அதிகம். புகையிலை பலன் தருகிறது என்பார் ஒருசாரார். மறுசாராரின் வண்டிகள் ஒயரிங் வேலைக்காக மெக்கானிக் கடையில் நிற்கின்றன, இடுக்கில் புகையிலை அப்படியே தொங்க.