அடியில காத்து இல்லாத அடுப்பு

வா மாப்ள, உக்காரு. கையெல்லாம் கரி, மூஞ்சியெல்லாம் கரி, அடுப்புல மட்டும் ஒண்ணும் பத்தலன்னு உங்கம்மா சொன்னா. நான் சிரிக்கல. பல்லு போனதுலேருந்து வாய் இப்படித்தான் இருக்கு.

சவுக்குக் கட்ட வெல ஏறிப்போச்சுன்னு பட்டறைக்காரங்கிட்ட நெலக்கரி மூட்ட வாங்கிட்ட. கல்யாண சமையலுக்கு அண்டா அண்டாவா வெந்நீர் போடுறவனுக்கு அந்தக் கணக்கு வரத்தான் செய்யும். அதுக்காக வெறகடுப்புத் தரையிலயே கொட்டி மண்ணெண்ணெய ஊத்துவியா? பிளேன் எறங்குற ஊருடா இது. ஒம் பொகையப் பாத்துட்டு பைலட்டு வந்த வழியே திரும்பிடப் போறான்.

வெறகு சூடாச்சுன்னா அதோட சத்துல பெரும்பகுதி ஆவியாக் கெளம்பி, மேல வந்துதான் எரியும். மேல காத்து இருந்தாலே அதுக்குப் பாதி வேல முடிஞ்சுது. நெலக்கரியிலயும் கொஞ்சம் ஆவி போகும். மிச்சம் கெடந்த எடத்துலயே கனன்று எரியும். அதுக்குக் காத்து அடியிலேருந்து பூந்து வரணும். நம்ம லாஸ்பேட்டைக்குப் பேரு குடுத்ததாச் சொல்ற லா தொரைக்கு ஒரு பெரியப்பன், ஜான் லா. பாரிசுல காகிதப் பணமா அடிச்சுத் தள்ளி, 1720ல மொத்தமும் சரிஞ்சுது. மேல ஜோரு, அடியில ஒண்ணுமில்ல. ஒன் அடுப்பும் அந்த வம்சந்தான்.

உங்க ஆயா வச்சிருந்த கும்மட்டிய ஒடச்சுப் போட்டீங்களே, அதுல நடுவுல சல்லடை, கீழ ஒரு வாய் இருந்துச்சு. லாஸ்பேட்டை பாலிடெக்னிக் வாசல மிதிக்காத கெழவிக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. நீ மிதிச்சவன்.

இனிமே கேளு. அதே மாதிரி சல்லடை போடணும்னு வீடு கட்டி மிச்சம் வச்ச சென்ட்ரிங் கம்பியத் தூக்கிட்டு வராத. செவக்கச் செவக்க நடுவுல தொங்கிடும். பழைய இரும்புக் கடையில வார்ப்பிரும்புச் சட்டம் கெடச்சா அதிர்ஷ்டம். இல்லன்னா கனத்த பட்டக் கம்பிய குத்துவாட்டுல நிறுத்து, படுக்கப் போடாத. கம்பிக்குக் கம்பி அர அங்குலம் விடு. அதுக்கு மேல விட்டா எரியாத கரியெல்லாம் கீழ விழுந்து காசு சாம்பலாப் போகும். ஜிஐ பைப்பு வேண்டவே வேண்டாம். அது மேல இருக்கற துத்தநாகம் பொகையாக் கெளம்பினா ராத்திரிக்குக் குளிர்ஜொரம் வரும். உங்கம்மா கண்ணுபட்டுச்சுன்னு மொளகா சுத்துவா.

வெல்டிங் மிஷினு கடன் வாங்கியிருக்கியாமே? திருப்பிக் குடுத்துடு. ஒன்ற அடிக் கம்பி நல்லாச் செவந்தா மூணு நாலு மில்லிமீட்டர் நீளும். ரெண்டு பக்கமும் பத்த வச்சுட்டா அது எங்க போகும், வளையத்தான் செய்யும். ரெண்டு ஆங்கிள் மேல சும்மா அடுக்கு, ஓரத்துல வெரக்கட எடம் விடு. ஒண்ணு கெட்டா அந்த ஒண்ண மட்டும் மாத்திக்கலாம்.

கம்பிக்குக் கீழ அரையடிக் குழி, அதுக்கு மூடித் தொறக்க ஒரு தகடு. நீ கம்பியப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருக்க, அடுப்பே இந்தக் குழிதான்டா. கீழேருந்து ஏறுற காத்துதான் கரிய எரிக்குது, கம்பியையும் குளிர வைக்குது. சாம்பல் ஏறிக் கம்பியத் தொட்டுச்சுன்னா எப்பேர்ப்பட்ட இரும்பும் இளகிக் கோணிடும். நம்ம நாட்டுக் கரியில சாம்பலுக்குப் பஞ்சமே இல்ல. அள்ளச் சோம்பல்பட்டுட்டு இரும்புக் கடைக்காரன வையாத.

அடுத்து எவனாச்சும் நெய்வேலிக் கரி மலிவும்பான். 1956ல கார்ப்பரேஷன் வச்சு வெட்டுறாங்க, பழுப்புக் கரி. தோண்டி எடுக்கறப்ப ஏறக்கொறையப் பாதி தண்ணி. நீ அண்டாவக் காய வைக்கறதுக்கு முன்னாடி கரியக் காய வைக்கணும். அதைக் கட்டியாக்கி, பொகைய எடுத்துட்டு லெக்கோன்னு வித்தாங்களே, அது வேற சங்கதி. அதுக்கு ஒரு தொழிற்சாலையே வேண்டியிருந்துச்சு. ஒங்கிட்ட இருக்கறது தகரக் கொட்டாய்.

மொதல்ல சவுக்குச் சுள்ளியப் பத்த வச்சு, தணல் புடிச்ச பொறவு கரியக் கொஞ்சங் கொஞ்சமாப் போடு. அலுமினிய அண்டாவ வெறுமனே ஏத்திடாத. 660 டிகிரியிலயே அது உருகிடும், கரித் தணல் ஆயிரத்தத் தாண்டும். மழ வந்துச்சுன்னு தணலச் சட்டியில அள்ளிக்கிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்தாத. கரி விடுற கார்பன் மோனாக்சைடுக்கு வாசன கெடையாது, படுத்தவன் எந்திரிக்க மாட்டான். இத மட்டும் வெளையாட்டாச் சொல்லல.

சரி, கெளம்பு. போறப்ப எதிர்வூட்டம்மாகிட்ட மாடியில துணி எப்ப எடுப்பாங்கன்னு கேட்டுக்க. அதுக்கப்புறம் பத்த வை.