நட்சத்திரம் பார்க்கும் கோட்டா அண்ணன்

காலை ஏழே முக்காலுக்குப் பாயான் லெப்பாஸில் பாதிப் பேர் வந்துசேர்ந்திருக்க மாட்டார்கள். பெருநிலத்துக்காரர்கள் பினாங்குப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருப்பார்கள். ஜார்ஜ் டவுன்காரர்கள் கடலோர நெடுஞ்சாலையில். கோட்டா அண்ணன் மட்டும் இருக்கையில் அமர்ந்தாயிற்று. பிளாஸ்டிக் பையில் கட்டிவந்த கோப்பி ஓ மேசை இழுப்பறையின் கைப்பிடியில் தொங்குகிறது. அவர் கணினியைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தட்டுகிறார்: எல்எஃப்எஸ் கோட்டா. பசியாறல் அதற்குப் பிறகுதான்.

திரையில் எண்கள் விழுகின்றன. அந்த வரியில் ‘எச்’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஜிகாபைட், டெராபைட் என்று மனிதர் வாசிக்கும் கணக்கில் வரும். அண்ணன் சேர்ப்பதில்லை. அவருக்குக் கிலோபைட்தான் கணக்கு. 1073741824 என்று பத்து இலக்கம் நின்றால் மற்றவர்களுக்கு யாருடைய கைப்பேசி எண்ணோ என்று தோன்றும். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “சரியா ஒரு டெரா” என்பார். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். பால் வாளியைத் தூக்கும்போதே எடை சொல்லிவிடுவாராம். ரத்தம் எங்கே போகும்?

இது அவருடைய வேலையல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் சிப் வடிவமைக்கிறவர். 1972இல் இன்டெல் வந்து, நெல்வயல்களுக்கு நடுவே ஐந்து ஏக்கரில் தொழிற்சாலை போட்ட பகுதி இது. அன்றைக்குச் சில்லைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்த தீவில் இன்றைக்குச் சில்லை வடிவமைக்கிற அலுவலகங்களும் நிறைய. வடிவமைத்ததை வார்க்கக் கொடுக்கும் முன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு ராத்திரி ஓட்டினால் ஒவ்வொரு கம்பியிலும் எந்த நொடிக்கூறில் மின்னழுத்தம் ஏறியது, இறங்கியது என்று அலைவடிவக் கோப்புகள் மலைபோல் குவியும். அத்தனையும் போய் விழுவது லஸ்டர் என்ற, எல்லாருக்கும் பொதுவான ஒரே கிடங்கில். உள்ளே பல சர்வர்கள், நூற்றுக்கணக்கான வட்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெரிய ஃபோல்டர். நடுவே சுவர் கிடையாது. ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை ஓட விட்டுவிட்டு ஈப்போவுக்குக் கிளம்பிப் போனால், திங்கட்கிழமை காலையில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால்தான் ஆளுக்கு இவ்வளவு என்று கோட்டா.

(மலேசியத் தமிழரிடம் இந்தச் சொல்லைச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘கோட்டா’ என்றதும் பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்ததா இல்லையா என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள். அது வேறு கோட்டா. அதைப் பார்க்க ஒரு வரிக் கட்டளை இன்னும் வரவில்லை.)

சாதாரணப் பயனர் தன் கணக்கைத்தான் பார்க்கலாம். பக்கத்து மேசைக்காரர் கணக்கைப் பார்க்க இயந்திரம் விடாது. அந்த அனுமதி நிர்வாகிக்கு மட்டுமே. நிர்வாகியோ வேறு ஊரில் இருக்கிறார். தினமும் நாலு பேர் அழைத்துப் புலம்புவதைப் பொறுக்க முடியாமல் பார்க்கும் உரிமையை மட்டும் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அழிக்கும் உரிமை இல்லை. கூட்டிக் கொடுக்கும் உரிமையும் இல்லை. பார்க்கலாம், சொல்லலாம். ஜோசியருக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதானே.

சோதிடம் என்று சும்மா சொல்லவில்லை. அளவைத் தாண்டியவரின் எண்ணுக்குப் பக்கத்தில் லஸ்டர் ஒரு நட்சத்திரக் குறி போடும். அண்ணன் கோப்பிப் பையோடு மேசை மேசையாக நடந்து, குனிந்து, காதோரம் கேட்பார்: “தம்பி, உன் நட்சத்திரம் என்னன்னு தெரியுமா?” புதிதாக வந்த ஒருவன் வெட்கத்தோடு, “பூசம்ணே. ஏன், பொண்ணு இருக்கா?” என்று கேட்டு, அந்த மாடி முழுக்க ஒரு வாரம் பூசம் என்றே அழைக்கப்பட்டான்.

நட்சத்திரம் விழுந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. இதில் இரண்டு கோடுகள் உண்டு. முதல் கோடு மென்மையானது; தாண்டலாம், ஆனால் தாண்டிய நொடியிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். நிர்வாகி மாற்றாவிட்டால் ஒரு வாரம். அதற்குள் குறைத்து உள்ளே வந்துவிட்டால் குற்றமில்லை. வராவிட்டால் அதற்குமேல் ஒரு எழுத்தும் எழுத விடாது. இரண்டாவது கோடு கெட்டியானது. அதில் கெடு, கெஞ்சல் எதுவும் செல்லாது. ஆங்கிலத்தில் இந்த ஒரு வாரத்துக்குக் கருணைக் காலம் என்று பெயர். அண்ணன் அதைத் தவணை என்றுதான் சொல்வார். கருணை என்றால் பையன்கள் சும்மா இருந்துவிடுவார்கள், தவணை என்றால்தான் பயம் வரும் என்பது அவர் கட்சி.

அந்தச் சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதியில் நடந்தவர்களுக்குப் புரியும். செட்டித்தெரு என்று அதற்குப் பழைய பெயர். நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கிகள் அங்கேதான். கிட்டங்கி என்றால் கிடங்கு. ஆனால் அரிசி மூட்டைக்கான கிடங்கல்ல, ஆட்களுக்கான கிடங்கு. நீளமான ஒரே கூடம். அதில் பல கடைகள். ஒரு கடை என்பது தரையில் ஓரிடம், ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம் அல்லது அலமாரி, கணக்கேடுகள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் அந்த இடத்துக்குள்ளேதான். சுவர் இல்லை, தடுப்பு இல்லை. என் இடம் எது, உன் இடம் எது என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டைக் கணினிக்காரர்கள் பிற்பாடு கண்டுபிடித்துப் பகிர்ந்த சேமிப்பகம் என்று பெயர் வைத்தார்கள் என்பது அண்ணனின் ஆய்வு முடிவு. ஆய்வில் பாதி உண்மை. கிட்டங்கியில் பெட்டகம் ஓரங்குலம் நகர்ந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். லஸ்டரில் பக்கத்து ஆள் பத்து டெராவைப் பரப்பி உட்கார்ந்திருந்தாலும், கணக்குப் பார்த்தால் ஒழியத் தெரியாது. அந்தக் கணக்குப் பார்க்கிற ஆள் தாம் என்பதில் அவருக்குள்ள பெருமையை மறைக்க அவர் முயன்றதே இல்லை.

பூசத்தின் கதைக்கு வருவோம். தவணை முடிய ஒரு நாள் இருந்தது. எதையும் அழிக்க மனமில்லை. பக்கத்து மேசை நண்பனின் ஃபோல்டர் பாதி காலி. இரண்டு டெராவை அங்கே நகர்த்திவிட்டு, வெற்றிச் சிரிப்போடு கோட்டா பார்த்தான். எண் அசையவில்லை. திரும்பவும் பார்த்தான். நட்சத்திரம் அங்கேயே மின்னியது.

“அண்ணே, கோட்டா கெட்டுப்போச்சுலா!”

“கெடலடா. வண்டிய வித்தியா, இல்ல கூட்டாளி வீட்டு வாசல்ல நிப்பாட்டிட்டு வந்தியா?”

நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தான். ஆள்வாரிக் கோட்டா கோப்பு கிடக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. அது யார் பெயரில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். இடம் மாறினாலும் பெயர் மாறாது. பட்டா பூசத்தின் பெயரில் இருக்கும்வரை வரியும் அவன் தலையில்தான். நண்பன் தன் கையால் நகல் எடுத்துக்கொண்டு, பூசம் தன்னுடையதை அழித்தால் கணக்குக் கைமாறும். நண்பனோ அதற்குள் சாப்பிடப் போயிருந்தான். கைப்பேசியையும் எடுக்கவில்லை.

ஃபோல்டர்வாரியாகக் கணக்குப் பார்க்கும் திட்டக் கோட்டா என்ற வசதி 2017இல் வந்த பதிப்பில் லஸ்டருக்குக் கிடைத்தது. அண்ணனுக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. திட்டத்தைப் பார்த்து நட்சத்திரம் கேட்க முடியாதல்லவா.

இன்னொரு வகை உண்டு: இடம் இருந்தும் எழுத முடியாதவர்கள். ஒரு தங்கச்சி பாதி அளவைக்கூடத் தொட்டிருக்கவில்லை, ஆனாலும் ஒரு சின்னக் குறிப்பைச் சேமிக்க முடியவில்லை. அண்ணன் வந்து பார்த்து, வலப்பக்கத்து நெடுவரிசையில் விரலை வைத்தார். கோட்டாவுக்கு இரண்டு தலை: ஒன்று எவ்வளவு இடம், மற்றது எத்தனை கோப்பு. அவள் பைத்தான் சூழல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுவியிருந்தாள். ஒவ்வொன்றும் பல்லாயிரம் குட்டிக் கோப்பு. எடை இல்லை, தலை எண்ணிக்கை எகிறிவிட்டது. “கலியாணத்துக்கு ஒரு குடும்பம்னு சொல்லிட்டு பேரன் பேத்தி எல்லாரையும் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்மா” என்றார். அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

கோட்டா தீர்ந்தால் லினக்ஸ் தரும் பிழை எண் 122. வட்டே நிறைந்துவிட்டால் 28. இரண்டும் ஒன்றல்ல என்பதை அண்ணன் பாடமாகவே எடுப்பார்: கோட்டாவில் தாராளமாக மிச்சம் இருந்தும், உங்கள் கோப்பு போய் விழும் அந்த ஒரு வட்டுத் தொகுதி நிறைந்திருந்தால் 28 வரும், அப்போது உங்களைத் திட்டிப் பயனில்லை. பாடத்தைக் கேட்ட காவலாளி ஒருவர் 0122, 0028 இரண்டையும் நாலு நம்பர் லாட்டரியில் எடுத்தார் என்று கேள்வி. விழவில்லை. விழுந்திருந்தால் அண்ணனின் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்காது.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதவர்கள் ‘டியூ’ ஆட்கள். தன் ஃபோல்டர் எவ்வளவு என்று அறிய டியூ கட்டளையை ஓட விடுகிறவர்கள். அது ஒவ்வொரு கோப்பாகப் போய், “நீ எவ்வளவு? நீ எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே போகும். லட்சக்கணக்கில் கோப்பிருந்தால் விவரங்களைக் காக்கும் சர்வர் மூச்சு வாங்கும், மற்றவர்கள் வேலை இழுக்கும். பேரேட்டில் இருப்பு எழுதியிருக்கும்போது கல்லாவைக் கொட்டி ஒவ்வொரு காசாக எண்ணுவானா ஒருத்தன் என்று அவர் கேட்பது நியாயம்தான்.

ஆனால் பேரேடும் அந்தந்த நொடிக்குத் துல்லியம் இல்லை. வட்டுகள் பல சர்வர்களில் சிதறியிருப்பதால், தலைமைக் கணக்கு ஒவ்வொரு சர்வருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பணம் கொடுத்து வைக்கும். அவரவர் அதற்குள் செலவு செய்வார்கள். அளவு நெருங்க நெருங்க முன்பணம் சுருங்கும். மாதக் கடைசியில் அம்மா பத்து பத்துக் காசாகக் கொடுப்பதைப்போல. எழுதும் வேகமும் அப்போது குறையலாம். ஐபிஎம்மின் ஜிபிஎஃப்எஸ் என்ற இதேபோன்ற கிடங்கில் இதற்கென்றே ஒரு நெடுவரிசை உண்டு: முன்பணம் போயிருக்கிறது, கணக்கு இன்னும் திரும்பவில்லை. அந்த நெடுவரிசையின் தலைப்புக்குத் தமிழில் ‘சந்தேகத்தில்’ என்று பொருள். இத்தனை நேர்மையான கணக்குப் புத்தகத்தைத் தாம் பார்த்ததில்லை என்று அண்ணன் உருகுவார். லஸ்டரில் அது இல்லாதது அவருக்கு ஒரு குறை.

குலதெய்வம் என்று கேட்டால், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ். 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வட்டுக் கோட்டாவை எழுதிச் சேர்த்தவர். லஸ்டர் 1999இல் பீட்டர் பிராம் தொடங்கியது. லினக்ஸ், கிளஸ்டர் இரண்டையும் ஒட்டிப் பிறந்த பெயர். 2012இல் அதை வளர்த்துவந்த வாம்கிளவுட் நிறுவனத்தை இன்டெல் வாங்கியது, 2018இல் டிடிஎன்னுக்குக் கைமாற்றியது. அந்த ஆறு வருஷமும் லஸ்டர் பாயான் லெப்பாஸ் முதலாளியின் பிள்ளை என்று அண்ணன் சொந்தம் கொண்டாடுவார்.

மதியம் நாசி கண்டார் வரிசையிலும் அவர் அவர்தான். அங்கே எடை இல்லை, விலைப்பட்டியல் பார்ப்பாரும் இல்லை. கடைக்காரர் தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்லிவிடுவார். குழம்பை வெள்ளமாக விடச் சொல்லிவிட்டு, அந்தப் பார்வையை அண்ணன் தொழில் மரியாதையோடு கவனிப்பார்.

தினமும் மாலையில் கிளம்பும் முன் கடைசியாக ஒரு கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்குக்குப் பெயர் இல்லை. ஐந்திலக்க எண் மட்டும்தான். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அழித்துவிட்டால் அவருடைய கோப்புகள் இப்படித்தான் எண்ணின் பெயரில் அனாதையாக நிற்கும். நாலு டெரா. பல வருஷமாக ஒரு கிலோபைட் ஏறவில்லை, இறங்கவில்லை. அழித்துவிடவா என்று நிர்வாகி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அண்ணன், “இருக்கட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார். யாரிடம் கேட்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

பூசம்தான் ஒருநாள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டான்.

“அண்ணே, இது யாரு? நாலு டெரா வச்சிருக்காங்க, நட்சத்திரமே விழல?”

அண்ணன் திரையை மூடினார். “உனக்கு ரெண்டு நாள்தான் தவணை இருக்கு. போய் அதப் பாரு.”