சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பும் படை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸப்பைத் தொடமாட்டேன் என்று நீங்கள் சபதம் எடுத்திருப்பதால் கப்பலில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் கோடை வந்தும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. வெயில் தேடி உங்கள் மருமகள் மத்தியதரைக் கடல் பயணத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். கப்பல் என்பது பேருக்குத்தான். பதினைந்து மாடி ஓட்டல் மிதக்கிறது. காலையில் திரையை விலக்கினால் புது ஊர் ஒன்று வாசலில் நிற்கும்.

நேற்று நின்றது சிசிலித் தீவின் பலெர்மோ. இந்த ஊருக்குக் கடல் வழியாக வராத ஆளே இல்லை. பினீசியர்கள் வந்து ஊரை உண்டாக்கினார்கள். ரோமானியர்கள் பிடித்தார்கள். 831இல் அரபுகள், 1072இல் நார்மன்கள், பிற்பாடு ஸ்பானியர்கள். வந்தவர்களெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது நாங்கள். காலை எட்டு மணிக்கு அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஆயிரக்கணக்கில் இறங்குகிறோம். நாலரைக்குள் ஏறாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிற படையை அந்த ஊர் இப்போதுதான் பார்க்கிறது.

நார்மன் ராஜா இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டில் அரண்மனைக்குள் கட்டிய தேவாலயத்துக்குப் போனோம். சுவரெல்லாம் தங்கச் சில்லு பதித்த ஏசுவும் புனிதர்களும். அது கிரேக்கக் கைவேலை. அண்ணாந்தால் தேன்கூடு போலக் குடைந்த மரக்கூரை. அது அரபுக் கைவேலை. அதில் தீட்டிய படங்களில் ஒருவர் வாத்தியம் வாசிக்கிறார், ஒருவர் கோப்பையும் கையுமாகச் சம்மணம் போட்டிருக்கிறார். கீழே பூசை, மேலே கச்சேரி. ராஜா இரண்டையும் ரசித்திருக்கிறார்.

அடுத்தது பிரிடோரியா சதுக்கம். பிளாரன்ஸில் ஒரு பெரிய மனிதரின் தோட்டத்துக்குச் செய்த நீரூற்றை 1570களில் விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் பளிங்குச் சிலைகள், பல பிறந்த மேனி. பக்கத்திலேயே அந்நாளில் கன்னியாஸ்திரீ மடம்! வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். "பாவம், பனிக்காலத்தில் என்ன செய்யும்?" என்றாள்.

பசி வந்ததும் பல்லாரோ சந்தை. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கெட்டியாகக் கிளறி, பரப்பி, ஆறியதும் வில்லை போட்டுப் பொரிக்கிறார்கள். பேர் பனெல்லே. எள்ளு ரொட்டியைப் பிளந்து நாலைந்தை அடுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறார்கள். அடுத்த கடையில் அதே மாதிரி ரொட்டிக்குள் மாட்டு மண்ணீரல். உங்கள் மருமகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "எங்க இருந்து வாறியள்?" என்று ஒரு குரல். யாழ்ப்பாணத்து அம்மா, கையில் காய்கறிப் பை. எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்கள் குடியேறிய ஊராம் இது. அவர்களும் கும்பிடுவது ஊரின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியாவைத்தான். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அவருடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றதும் நோய் அடங்கியதாக நம்பிக்கை. மொந்தே பெல்லெக்ரினோ மலைக் குகையில் கோயில். "நாங்கள் சைவம்தான், ஆனாலும் மலையேறிக் கும்பிடுவம். கேட்டது குடுப்பா" என்றார் அந்த அம்மா. வந்து தங்கியவர்களில் ஊரை உண்மையாகப் பிடித்தவர்கள் இவர்கள்தான் என்று எனக்குப் பட்டது. ராஜாக்கள் கோட்டையைப் பிடித்தார்கள். இவர்கள் சாமியையே பிடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு மலையேற நேரமில்லை. இரவுச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்காரர், "பலெர்மோ முடிந்தது, நாளை நேப்பிள்ஸ்" என்று பட்டியலில் பேனாவால் அடித்தார். அவர் நாள் முழுக்கக் கப்பலின் நீச்சல் குளத்தில்தான் கிடந்தார்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: பனெல்லே செய்முறையைச் சித்தியிடம் படித்துக் காட்டுங்கள். மண்ணீரல் வரியை மட்டும் தாண்டிவிடுங்கள். இரண்டு கடைக்கும் ஒரே எண்ணெயா என்று கேட்பாள். என்னிடம் பதில் கிடையாது.