எழுதிடலாம் சார்!

வருகைப்பதிவு இயந்திரத்தை ஒரு கம்பெனியிடமும், ஊழியர் விவர மென்பொருளை மற்றொரு கம்பெனியிடமும், சம்பளப் பட்டியல் மென்பொருளை மூன்றாவதொரு கம்பெனியிடமும் மலிவு பார்த்து வாங்கிவிட்டு, அவை கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டாரைப் போல ஒன்றோடொன்று பேசாமல் முகந்திருப்பி நிற்பதைக் கண்டு நிர்வாகம் திகைக்கும் வேளையில், சமாதானம் செய்துவைக்க ஒரு மனிதர் அவதரிப்பது நியதி. அவருடைய பதவிப் பெயர் அடிக்கடி மாறும், ஆசாமி மாறுவதில்லை.

சி.எஸ்.வி. கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்த மாத்திரத்தில் 00417 என்ற ஊழியர் எண் 417 ஆகச் சுருங்கிவிடும் என்பதும், 03/04 என்ற தேதியை ஒரு மென்பொருள் ஏப்ரல் மூன்றாகவும் இன்னொன்று மார்ச் நான்காகவும் வியாக்கியானம் செய்யும் என்பதும், குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும் அயல்நாட்டு மென்பொருளில் நம்மவரின் ஒற்றை இனிஷியலை எந்தக் கட்டத்தில் இட்டால் ஆதாரிலுள்ள பெயரோடு ஒத்துப்போகும் என்பதும், மாதந்தோறும் 15-ஆம் தேதிக்குள் ஏற்றவேண்டிய வருங்கால வைப்புநிதிக் கோப்பில் விவரத்துக்கு விவரம் நடுவே #~# என்னும் விசித்திர முத்திரை இருந்தே தீரவேண்டும் என்பதும் அவருக்குக் கரதலப் பாடம். இவையெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்பவர் அலுவலகத்துக்குப் புதியவர் என்று அறிக.

"எழுதிடலாம் சார்" என்பார் சாந்தமாக. ஆவணமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. முன்னொரு காலத்தில் தணிக்கையாளர் வற்புறுத்தியதால் எழுதிய ஒன்று உண்டு. அதில் வரைந்துள்ள அம்புக்குறிகள் வெகு நேர்த்தி. அவை சுட்டும் சர்வர்தான் இப்போது இல்லை. அவருடைய தயக்கத்தைச் சோம்பல் என்பது அபாண்டம். தூரதிருஷ்டி என்பதே என் அபிப்பிராயம். சம்பளக் கணக்கு ஓடும் மாதக் கடைசியில் மனிதவள மேலாளரே அவர் மேஜைக்குக் காபி ஏந்தி வருகிறாரே, அந்த ராஜோபசாரம் ஓர் ஆவணத்துக்கு நடக்குமா?

அவர் ஓய்வு பெறும் நாளில்தான் அந்த ஏற்பாட்டின் பூரணத்துவம் வெளிப்படும். விலகுவோரின் கணக்கை அன்றிரவே முடக்கும் நிரலை எழுதியவர் அவரே. அது பிழையின்றி ஓடி அவர் கணக்கையும் முடக்கும். இரவுதோறும் கோப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைகள் அனைத்தும் அவருடைய சொந்தக் கணக்கின் பெயரிலேயே நடந்துவந்தன என்பது, மறுநாள் காலையில் அலுவலகம் முழுவதுமே ஆப்சென்ட் என்று திரை காட்டும்போது தெரியவரும். சால்வையின் மடிப்புக் கலையுமுன் தொலைபேசி ஒலிக்கும்.

"சார், வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதும், ஆலோசகர்னு போட்டுக்கறோம்" என்று மேலாளர் குழைவார்.

"கார் அனுப்புவீங்களா?" என்பார் இவர்.