சட்டித் தலையனுக்குக் குலுக்கை ஒடம்பு

வாப்பா பேராண்டி, உக்காரு. என்னது இது, நீ வரைஞ்சது ரோபோவா? நான் நம்ம தெரு டிரான்ஸ்பார்மருக்குத்தான் கையும் காலும் மொளச்சிருச்சோன்னு பாத்தேன்.

முழங்கையத் தேடுறேன், காணல. கை மடங்கணும்னா ஒரு கீல் வேணாமா? நம்ம வாசக்கதவப் பத்துத் தடவ தொறந்து மூடிப் பாரு. கீல் எந்தப் பக்கமோ, மடக்கும் அந்தப் பக்கம். ஒன் ஆளு சோத்துல கை வச்சா உருண்டை பிடரிக்குத்தான் போகும்.

போனப் பாத்து ஜப்பான்காரன் ரோபோவக் காப்பியடிக்கிறியே, கொல்லையில குலுக்கை கெடக்குல்ல? கம்பும் குதிரைவாலியும் கொட்டி வச்சது, இப்பக் கோழி அடையுது. அதப் பாத்துப் போடு, ஒடம்பாச்சு. தலைக்குக் கஞ்சிச் சட்டி. சிரிக்காத! லயன் காமிக்ஸ்ல ஆர்ச்சின்னு ஒரு இரும்பு மனுசன் வந்தான், பட்டப்பேரே சட்டித் தலையன். 1952ல இங்கிலாந்துல பொறந்த பய. வாயத் தொறந்தாச் சவடால்தான், ஒன் சின்னத் தாத்தா மாதிரி. அந்தச் சவடாலுக்குத்தான் படிச்சோம், இரும்புக்கு யாரு படிச்சா?

லயன் காமிக்ஸுக்கும் முந்தி, 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் மொதப் புஸ்தகம், இரும்புக்கை மாயாவி. படம் போட்டவரு ஹெசுஸ் பிளாஸ்கோன்னு ஸ்பெயின்காரரு. கரண்டு ஷாக் அடிச்சா ஆளு மறைஞ்சிருவான், கை மட்டும் அந்தரத்துல மெதக்கும். வரையுறவருக்கு எம்புட்டுத் தோதுன்னு நெனைப்ப. அந்த ஒத்தக் கையிலயே கோவம், திருட்டுத்தனம் எல்லாத்தையும் காட்டணும்ல? நம்மூர்ல பொறந்திருந்தா மறையுறதுக்கே கரண்டு வரட்டும்னு திண்ணையில காத்துக் கெடந்திருப்பான்.

ரோபோங்கிற பேரு 1920ல காரெல் சாப்பெக் எழுதுன செக் நாடகத்துல வந்தது. எடுத்துக் குடுத்தது அவரு அண்ணன் யோசெப், படம் வரையுறவரு. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத, லைப்ரரியில எனக்குன்னு ஒரு பெஞ்சு உண்டு. கூலி குடுக்காம வாங்குற வேலைக்குத்தான் அந்தச் சொல்லு. நம்ம பேச்சுல வெட்டி. ஒங்கப்பன் ஒன்ன 'வெட்டியா உக்காந்திருக்கான்'னு வையிறானே, தெரியாமலே சரியாத்தான் சொல்லுறான்.

படக்கதைக் கட்டத்துல மொதப் பேசுறவன இடப்பக்கம் நிப்பாட்டு. இல்லாட்டிப் பதிலு முன்னால வந்துரும், கேள்வி பின்னால நொண்டும், நம்மூருப் பஞ்சாயத்து மாதிரி. பலூனுக்கு எடம் விட்டுட்டு ஆளப் போடு. நீ வசனத்த அவன் தலைமேலயே மூட்டையா ஏத்தி வச்சிருக்க.

பென்சில் தீந்துருச்சா? கரிமூட்டத்துப் பக்கம் போ, கரிக்கா இங்கன பஞ்சம்?

சரி, ஒன் ஆளத் திருச்சுழிப் பக்கம் குண்டாத்துல எறக்கி விடு. சீமைக்கருவேல மரத்த வெட்டட்டும். கால்ல ரப்பர்ச் சக்கரம் மாட்டிருக்கேல்ல, முள்ளு ஏறும். காத்து எறங்குறப்ப என்னன்னு கத்துவான்? அத எழுதிட்டு வெத்தலையையும் வாங்கிட்டு வா.