மூஞ்சிக்கு பேனர் கேக்குறான் பேராண்டி

சங்கத் தேர்தல்ல செயலாளருக்கு நிக்கிறியாமே பேராண்டி, ரொம்ப சந்தோசம். நம்ம பிளாட்டுல மாடிப்படிகிட்ட ஒரு பேனர், குப்பைத்தொட்டிகிட்ட ஒண்ணு, லிப்டுக்குள்ள ஒண்ணு. எல்லாத்துலயும் உன் மூஞ்சி. கையைக் கட்டிக்கிட்டு தூரத்துல எதையோ பாத்துக்கிட்டு நிக்கிற. எதப்பா பாக்குற? கார் பார்க்குல எவன் வண்டிய மறிச்சு வச்சிருக்கான்னா? ‘தாத்தாகிட்ட கேளு, நல்ல சுலோகமா ஒண்ணு சொல்வாரு’ன்னு உங்கம்மா அனுப்பிருக்கா. தோட்டத்துல பால்மரம் வெட்டுன கெழவன்கிட்ட சுலோகம் கேட்டு வந்துட்ட, இனி முழுசாக் கேட்டுட்டுத்தான் போகணும். உக்காரு. தே ஆறிடும், குடி.

மொதல்ல மூஞ்சி விசயம். கார்ன்வாலிஸ் கோட்டையில பிரான்சிஸ் லைட் சிலை நிக்குதுல்ல, போய் ஒரு தடவை நல்லாப் பாரு. 1786ல இந்தப் பினாங்குத் தீவுல கொடி ஏத்துன மனுசன். 150 வருசம் ஆச்சேன்னு 1936ல சிலை வைக்கலாம்னு வெள்ளக்காரன் நெனச்சா, அந்த ஆளு படம் ஒண்ணுகூட கிடைக்கல. மகன் வில்லியம் லைட் இருக்கானே, ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட் நகரத்தை அமைச்சவன், அவன் சாயலை வச்சு அப்பனுக்குச் சிலை செஞ்சாங்கன்னு சொல்றாங்க. ஆக, நூத்தம்பது வருசம் மூஞ்சியே இல்லாமத்தான் இந்த ஊரு நடந்திருக்கு. கடைசில வச்ச மூஞ்சியும் வேற ஆளோடது. நீ என்னடான்னா மூணு மாடிக்கு ஒரு மூஞ்சி வச்சிருக்க.

அதே லைட்டு பேருல இன்னொரு கதை உண்டு. காட்டை வெட்ட ஆள் சிக்கல. மனுசன் பீரங்கி வாயில வெள்ளிக்காசை அள்ளிப் போட்டு காட்டுக்குள்ள சுட்டானாம். காசைப் பொறுக்கணும்னா பொதரை வெட்டித்தானே ஆகணும்? கதைதான், சாட்சிக்கு நான் வர மாட்டேன். ஆனா நடந்திருந்தா, பினாங்கோட மொத விளம்பரம் அதுதான். ஒரு எழுத்துகூட இல்ல, ஊரே வேலைக்கு வந்துருச்சு. உன்கிட்ட பீரங்கியும் இல்ல, வெள்ளியும் இல்ல. பேனர் கடையில பாக்கி வேற இருக்குன்னு உங்கம்மா சொல்றா.

கோட்டைக்கு வச்ச பேரையும் கவனி. கார்ன்வாலிஸ் துரை யாரு? 1781ல யார்க்டவுன்ல வாசிங்டன் படைகிட்ட சரணடைஞ்ச ஜெனரல். அஞ்சே வருசத்துல இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்துட்டாரு. தோத்தவரு பேருல ஒரு கோட்டை. நல்லவேளை, அந்தக் கோட்டைக்குச் சண்டையே வரல. அதனால நீயும் தோத்துருவோமோன்னு பயப்படாத. நம்ம ஊருல அதுக்கும் ஒரு எடம் போட்டு வச்சிருக்கான்.

பேரை எழுதி மாட்டுற விசயத்துல மகாதீரை யாரும் மிஞ்ச முடியாது. 1981ல பிரதமரா வந்தாரு. அரசாங்க ஆபீஸ்ல வேலை செய்யுற அத்தனை பேரும் நெஞ்சுல பேரு குத்திக்கணும், அட்டை குத்தி நேரத்துக்கு வரணும்னாரு. சொல்லிட்டு விடல, தானும் ஒரு பேரை மாட்டிக்கிட்டாரு. நாட்டுல பச்சைப்புள்ளைக்குக்கூட தெரிஞ்ச மூஞ்சி, நெஞ்சுல ‘மகாதீர்’னு எழுதியிருக்கு! நான் சிரிச்சேன். ஆனா மறுவாரம் எங்க பக்கத்து ஆபீஸ் கிளார்க்கு, பதினோரு மணிக்குப் பசியாறப் போறவன், ஒம்போது மணிக்கே மேசையில உக்காந்திருந்தான். பேரு தெரிஞ்சா புகார் எழுதிடுவோம்ல! அந்த வருசக் கடைசி ராத்திரி பதினொன்றரைக்கு கடிகாரத்தைத் தள்ளி பன்னெண்டு ஆக்குனாங்க. தீபகற்பம் முழுக்க எல்லாருக்கும் அரைமணி நேரம் காணாமப் போச்சு. இன்னைக்கு வரைக்கும் எவனும் திருப்பித் தரல. அதையும் உன் தேர்தல் அறிக்கையில சேத்துக்க.

1985ல நம்ம பாலம் தொறந்தாங்க. பதிமூணரை கிலோமீட்டர். அதுவரைக்கும் பட்டர்வொர்த்துக்கு பெரி படகுதான் கதி. அந்தப் பாலத்துல மகாதீர் தானே ஸ்டீரிங்கைப் புடிச்சு சிவப்பு புரோட்டோன் சாகா ஓட்டிக்கிட்டு வந்தாரு. நாட்டோட மொதக் காரு, நாட்டோட பெரிய பாலம், ஓட்டுறது நாட்டோட பிரதமர். எந்த விளம்பரக் கம்பெனிக்குடா இப்படி ஒரு டிரைவர் சம்பளம் இல்லாமக் கிடைப்பான்? உள்ளுக்குள்ள மிட்சுபிஷிதான்னு வெவரம் தெரிஞ்சவன் மொணகுனான். யாரு கேட்டா? வாங்குன வண்டிய நேரா தண்ணிமலை முருகன் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, கண்ணாடியில விபூதி பூசி, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம பின்னாடி நின்ன மோட்டார் சைக்கிளச் சாய்ச்ச நம்மாளு எத்தனை பேரு! அதெல்லாம் அந்தப் பாலத்து ஓட்டத்தைப் பாத்த வேகம்.

சுலோகம் கேட்டீல்ல, வரேன். இந்த நாட்டுல பிரதமர் மாறுனா மொதல்ல பொழைக்கிறவன் பேனர் கடைக்காரன்தான். 1982ல ‘பெர்சே, செக்காப், அமானா’. சுத்தம், தெறமை, நாணயம். அதுக்குப் பாட்டே இருந்துச்சு, ரேடியோவுல போட்டுப் போட்டு கோழிக்குக்கூட மனப்பாடம். அப்புறம் பாயான் லெப்பாஸ்ல பொறந்த நம்ம தீவுக்காரரு பாக் லா, அதான் அப்துல்லா படாவி, பிரதமரா வந்தாரு. ‘எனக்காக வேலை செய்யாதீங்க, என்கூட வேலை செய்யுங்க’ன்னாரு. நல்ல வார்த்தை. நம்ம சனம் பாதிய மட்டும் கேட்டுச்சு: ‘வேலை செய்யாதீங்க’. 2009ல நஜிப் ‘ஒரே மலேசியா’ன்னாரு. கடைக்கு அந்தப் பேரு, கிளினிக்குக்கு அந்தப் பேரு. நம்மளப் பாத்து தமிழ்லயே ‘நம்பிக்கை’ன்னாரு. கேக்க இனிப்பாத்தான் இருந்துச்சு. நாம அவரு மேல வைக்கணுமா, அவரு நம்ம மேல வைப்பாரான்னு கேக்கத்தான் மறந்துட்டோம். 2018ல ஆட்சி மாறுச்சு, கிளினிக் போர்டும் மாறுச்சு. உள்ள போனா அதே வரிசை, அதே நம்பர் சீட்டு, அதே மாத்திரை. அப்புறம் ‘மலேசியக் குடும்பம்’ வந்துச்சு. இப்போ அன்வாரு, அவரும் நம்ம மாநிலத்துக்காரருதான், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் செரோக் தோக்குன். அவருக்கு ‘மடானி’. கொறையா சொல்லல. துணி மாறிக்கிட்டே இருக்கு, கொடிக்கம்பம் அதேதான்னு சொல்றேன்.

பேரு ஒட்டுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. கொம்தார் கொம்தார்னு தெனமும் சொல்றியே, அதுக்குள்ள ஒரு பிரதமர் ஒளிஞ்சிருக்காருன்னு தெரியுமா? ‘கொம்ப்ளெக்ஸ் துன் அப்துல் ரசாக்’. சுருக்கிச் சுருக்கி மனுசனையே முழுங்கிட்டாங்க. கட்டுனப்போ அறுவத்தஞ்சு மாடி. 1974ல அவரு அடிக்கல் வச்சாரு, 1976ல காலமாயிட்டாரு, கட்டி முடிச்சதப் பாக்கல. ரெண்டாவது பாலத்துக்கு கெடா சுல்தான் பேரை முழுநீளத்துக்கு வச்சாங்க. டாக்சிக்காரன் என்ன சொல்றான்? ‘செகண்டு பிரிட்ஜ்’. உன் பேரை லிப்டுக்கு வச்சாலும் சனம் ‘அந்த ரிப்பேரு லிப்டு’ன்னுதான் சொல்லும்.

வெளிநாட்டுக்காரன் கதை ஒண்ணு கேளு. சோவியத் நாட்டை ஆண்ட கோர்பச்சேவ் இருந்தாரே, பதவி போனப்புறம் 1997ல பீட்சா ஹட் விளம்பரத்துல நடிச்சாரு. காசு வேணும். ஆனா கேமரா முன்னாடி பீட்சாவைக் கடிக்க மாட்டேன்னுட்டாரு. தாத்தா தின்னல, பேத்தி தின்னா. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. நீயும் வேணும்னா எவனையாச்சும் புடிச்சுத் தின்ன வையி, என்னை மட்டும் பேனர்ல போட்றாத. தமிழ்நாட்டுல எம்.ஜி.ஆரை 1967 சனவரியில எம்.ஆர்.ராதா சுட்டாரே, கழுத்துல கட்டோட ஆஸ்பத்திரியில எடுத்த படம் ஊரெல்லாம் போஸ்டரா ஒட்டுனாங்க. மனுசன் பிரசாரத்துக்கே போகல, பரங்கிமலையில ஜெயிச்சாரு. அதுக்காக நீ போயி கழுத்துல கட்டு போட்டுக்காத. நம்ம பிளாட்டுல எல்லாரும் ‘சுளுக்கா தம்பி? கோடாலித் தைலம் தடவு’ம்பாங்க, ஓட்டு விழாது.

நாட்டோட மொதப் பிரதமர் துங்கு விசயத்துக்கு வரேன். கேம்பிரிட்ஜ்ல பட்டம் வாங்குனது 1925. வக்கீலானது 1949. நடுவுல எத்தனை பரீட்சை, எத்தனை தோல்வி! நீ எஸ்.பி.எம்.ல கணக்கைக் கோட்டை விட்டப்போ உங்கம்மா அழுதா பாரு, நான் துங்குவைச் சொல்லித்தான் அவளைத் தேத்துனேன். 1957ல மெர்டேக்கா அரங்குல ஏழு தடவை கையைத் தூக்கி ‘மெர்டேக்கா’ன்னு ஒரே சொல்லைக் கத்துனாரு. அதுக்கு மேல ஒரு சுலோகம் இந்த நாட்டுல இன்னும் வரல. அவரு கத்துனதும் சனம் கத்த நெனச்சதும் ஒண்ணா இருந்துச்சு. பதவியை விட்டப்புறம் நம்ம ஊருல ஆயர் ராஜா சாலையில வந்து குடியிருந்தாரு. இப்போ அந்தச் சாலைக்கே அவரு பேரு. பினாங்குல 1971ல தொடங்குன ‘ஸ்டார்’ பத்திரிகையில பத்தி எழுதுனாரு. நாட்டை ஆண்டவரு வாராவாரம் கட்டுரை எழுதிக் கொடுக்குறாரு, யோசிச்சுப் பாரு. தனக்கப்புறம் வந்தவங்களையும் விடல, போட்டுத் தாக்குவாரு. அதைப் படிச்சுட்டு காப்பிக்கடையில நாங்க அடிச்ச அரட்டை இருக்கே, எந்த பேனரும் அந்த வேலையைச் செய்யாது.

பத்திரிகைன்னதும் சுன் யாட் சென் ஞாபகம் வருது. சீனாவுல பல தடவை புரட்சி பண்ணித் தோத்துட்டு இங்க வந்து தங்கியிருந்தாரு. 1910 நவம்பர்ல இங்கதான் கூட்டம் போட்டு அடுத்த புரட்சிக்கு நிதி சேத்தாரு. டிசம்பர்ல ஆர்மீனியன் தெருவுல 120ஆம் நம்பர் வீட்டுல ‘குவோங் வா’ பத்திரிகை ஆரம்பிச்சாங்க. மறுவருசம் சீனாவுல மன்னராட்சி ஆட்டங்கண்டுச்சு. பத்திரிகை இன்னும் வருது.

இவ்வளவு பேரைச் சொல்லிட்டு நம்ம சம்பந்தன் ஐயாவைச் சொல்லாம விட்டா என் நாக்கு அழுகிடும். சுங்கை சிப்புட்டுல பொறந்தவரு. சுதந்திரம் வந்தப்புறம் வெள்ளக்காரத் தொரைங்க தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுக் கப்பலேறுனாங்க. தோட்டத் துண்டாடல்னு சொன்னா எங்க தலைமுறைக்கு வயித்தைக் கலக்கும். வேலையும் போகும், லயத்து வீடும் போகும். மந்திரியா இருந்த மனுசன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு தோட்டந்தோட்டமா வந்தாரு. நூறு வெள்ளி பங்கு, மாசம் பத்து வெள்ளியாக் கட்டு, நாமளே தோட்டத்தை வாங்குவோம்னாரு. அப்போ பத்து வெள்ளின்னா வெளையாட்டா? எங்கப்பா சம்பளத்தன்னைக்கு அந்த நோட்டை வேட்டி மடியில இருந்து எடுத்து, ரெண்டு தடவை நீவி, மறுபடி மடியில வச்சு, அப்புறம் எடுத்துக் கொடுத்தாரு. கொடுத்துட்டு ரசீதை முருகன் படத்துக்குப் பின்னாடி சொருகுனாரு. மறுவருசமே கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிட்டாங்க. படிக்காத சனம் காசு போட்டு தொரை தோட்டத்தை வாங்குச்சுடா! அதுக்கு போஸ்டர் எவன் அடிச்சான்? ரசீதுதான் போஸ்டர். பின்னாடி ஒரு தடவை, பிரதமரும் துணைப்பிரதமரும் ஊர்ல இல்லாதப்போ, சம்பந்தன் ஐயா ஒரு நாள் பிரதமர் வேலை பாத்தாரு. ஒரே நாள். பாவம், சுலோகம் போடக்கூட நேரம் கிடைக்கல.

விளம்பரம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனக்காத. இலங்கை வானொலியில கோபால் பல்பொடிக்கு மலேசியா மக்களோட பேராதரவு இருக்குன்னு அடிச்சுச் சொல்வான். நாங்க லயத்து வாசல்ல அடுப்புக்கரியால பல்லு வெளக்கிக்கிட்டே அந்தப் பேராதரவைக் கொடுத்துக்கிட்டு இருந்தோம். இன்னைக்கும் அந்தப் பேரு மறக்கல. பொடி எந்தக் கலர்னு கேட்டா சொல்லத் தெரியாது.

ஆனா என் ஓட்டு மைலோ வண்டிக்குத்தான். நீ படிச்ச பள்ளிக்கூடத்து வெளையாட்டுப் போட்டி ஞாபகம் இருக்கா? பச்சை வண்டி வந்து நிக்கும். சில்லுனு மைலோ, கையளவு பேப்பர் கப்பு, ரெண்டாவது தடவை வரிசையில நிக்குறப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிப்பே. அன்னைக்கு மேடையில பேசுன தலைவர் யாரு? தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. மைலோ ருசி மட்டும் நாக்குல இருக்கு.

அதனால சுலோகத்தை விடு. பேனரைக் கழட்டு, அந்தத் துணி உங்கம்மாவுக்கு மொளகா காயப்போட ஆகும். ஓட்டுப் போடுற அன்னைக்குக் காலையில கீழ ஒரு மேசை போட்டு தே கலக்கி வையி, எதிர்த்து நிக்கிறவனுக்கும் ஒரு கப்பு கொடு. ஒண்ணு மட்டும் மறந்துடாத: சீனியைக் கொறைச்சுப் போடு. நம்ம பிளாட்டுல பாதிப் பேருக்கு இனிப்புநீரு.